துவாய், பெட் சீட் இறக்குமதி: எச்.எஸ். குறியீட்டைச் சரியாகப் பிடிப்பது எப்படி

காத்தான்குடிக்கோ கல்முனைக்கோ கரூர் பெட் சீட்டும் சோலாப்பூர் துவாயும் இறக்குகிறீர்கள். சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு என்ற சரக்கு வகை எண் எழுத வேண்டும்; அதில் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நாலு இலக்கம் தலைப்பு. இன்வொய்ஸில் 'கொட்டன் ஹோம் டெக்ஸ்டைல்' என்று ஒரே வரி மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். அந்த ஒரு வரிக்குள் நாலைந்து தலைப்புகள் கலந்திருக்கும். சரக்குக் கப்பல் ஏறுமுன் வகைக்கு ஒரு மாதிரி எடுப்பித்து மேசையில் விரியுங்கள். துணியைக் கையில் வைத்துத்தான் குறியீடு போட வேண்டும்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். மடித்துத் தைத்திருந்தால், அல்லது குஞ்சத்தை முடிச்சுப் போட்டிருந்தால், அது முடித்த பொருள், 63ஆம் அத்தியாயம். சதுரமாக வெட்டி, நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் ஓவர்லொக் மட்டும் அடித்தது இன்னும் வெறும் துணிதான். சாதாரணப் பருத்தி நெசவென்றால் 52ஆம் அத்தியாயம், டெரி, அதாவது மேலே நூல் சுருள் நிற்கும் துவாய்த் துணி, என்றால் 5802. பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துவாய்க்குத் துவாய் ஊடை (குறுக்கு நூல்) போடாமல் இடைவெளி விட்டு, நீளமாக நெய்து சுருட்டி அனுப்புவார்கள். இடைவெளியில் நிற்கும் பாவு நூலை (நெடுக்கு நூலை) வெட்டினால் துவாய் தனித்தனியாகக் கழன்று வரும். மருதமுனையில் தறியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுருளாக வந்தாலும் அது முடித்த பொருளே, 6302.

அடுத்தது பயன். கட்டில், மேசை, குளியலறை, சமையலறைத் துணிகள் 6302. படுக்கும் விரிப்பும் தலையணை உறையும் இதில் சேரும். கட்டிலின் மேல் அழகுக்கு விரிக்கும் பெட் கவரும் செற்றிக் குஷன் உறையும் 6304. பஞ்சு அடைத்துவிட்டால் குஷனும் குயில்ட்டும் 9404க்குப் போய்விடும். போர்வை 6301, திரைச்சீலை 6303. கோப்பை துடைக்கும் துணி 6302தான். நிலம் துடைப்பதும் தூசி தட்டுவதும் 6307.

பெட் சீட்டில் முதல் கேள்வி பின்னலா, நெசவா என்பது. ரீ-சேட் துணிபோல் இழுபடும் பின்னல் என்றால் எந்த நூலானாலும் 6302.10. நெசவு என்றால் அச்சிட்டதா என்று பார்க்க வேண்டும். அச்சிட்ட பருத்தி 6302.21, வெள்ளை, ஒரே நிறச் சாயம், சாயநூல் கட்டம் எல்லாம் 6302.31. கட்டம் போட்ட சீட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனி முதல் நுனி வரை ஒரே நிறம் ஓடினால் சாயமிட்ட நூல். கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறி, பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு.

பிறகு நூல். பாவையும் ஊடையையும் தனித்தனியே எரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பொலியெஸ்டராக இருக்கலாம். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். கலப்பு இருப்பதை இது காட்டும், விகிதத்தைச் சொல்லாது. அதற்கு ஆய்வுகூட அறிக்கை வாங்குங்கள். எடையில் எது கூடவோ அதுவே கணக்கு. சரிபாதி என்றால் அத்தியாய எண்ணில் பின்னால் வருவது எடுபடும். ஆகவே 50க்கு 50 பருத்தி–பொலியெஸ்டர் அச்சுச் சீட் செயற்கை நூலாகி 6302.22க்குப் போகும். 'கொட்டன் ரிச்' என்ற லேபலை நம்பி 6302.21 போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

டெரித் துவாய்க்குக் கணக்கு வேறு. மேலே நிற்கும் சுருள் நூலை மட்டுமே எண்ண வேண்டும், அடித்துணியை எண்ணக்கூடாது. சுருள் முழுக்கப் பருத்தியென்றால் அடியில் பொலியெஸ்டர் கலந்திருந்தாலும் 6302.60. சுருளே இல்லாத வாஃபிள் நெசவுப் பருத்தித் துவாய் 6302.91. மேசை விரிப்பு நெய்த பருத்தியானால் 6302.51.

இந்த 6 இலக்கமும் உலகப் பொது. இலங்கைச் சுங்கத்துக்கு 8 இலக்கம் வேண்டும்; கடைசி இரண்டையும் நடப்பு ஆண்டுத் தீர்வை அட்டவணையில் பார்த்தே எழுதுங்கள், பழைய கஸ்டெக்கிலிருந்து (சுங்க அறிவிப்புப் படிவத்திலிருந்து) பிரதி பண்ணாதீர்கள். விற்பவரிடம் இன்வொய்ஸ் வரியை இப்படிக் கேட்டு வாங்குங்கள்: 'பெட் சீட் 1, தலையணை உறை 2, நெய்தது, அச்சிட்டது, 100% பருத்தி'. அதே வரி பெக்கிங் லிஸ்ட்டிலும் இருக்க வேண்டும். எரித்த நூல் போக மிஞ்சிய மாதிரியை வீசாமல் கிளியரிங் ஏஜென்ட்டிடம் கொடுத்து வையுங்கள். பரிசோதனையில் கேள்வி வந்தால் அதைத்தான் விரித்துக் காட்ட வேண்டிவரும்.