ஆறு லட்சமா, பத்தொன்பதாயிரத்து ஐந்நூறா? இரண்டு வேலைகளின் சம்பளத்தை ஒப்பிடுவது எப்படி

சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. அதனால் சொந்தக்காரப் பிள்ளைகள் ஆஃபர் லெட்டர் வந்ததும் என்னிடம்தான் காட்டுவார்கள். கடைசியாக வந்தவள் அக்கா மகள். சென்னை ஐ.டி. கம்பெனி ஒன்றில் சி.டி.சி., அதாவது கம்பெனி அவளுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 6 லட்சம். சொந்த ஊரான விழுப்புரத்திலேயே குரூப் 4 இளநிலை உதவியாளர் பணியும் கிடைக்கும் நிலை. அதற்கு அறிவிப்பில் இருப்பது மாதம் 19,500 – 71,900. "50,000 எங்கே, 19,500 எங்கே சித்தி?" என்றாள்.

முதலில் இரண்டையும் கைக்கு வரும் பணமாக மாற்றுங்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பிரித்துப் போட்டிருப்பார்கள். அவளுடையதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனியின் பங்கு ஆண்டுக்கு 36,000, வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 14,430, வேலைத்திறனைப் பார்த்துத் தரும் வேரியபிள் பே 60,000, இன்சூரன்ஸ் 9,570. இதெல்லாம் மாதச் சம்பளத்தில் வராது. கழித்தால் மிச்சம் 4,80,000, அதாவது மாதம் 40,000. அதிலும் அவள் பங்கு பி.எஃப். 3,000 பிடிப்பார்கள். ஆக 37,000, தொழில் வரி போக இன்னும் கொஞ்சம் குறையும். புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம். பி.எஃப். நம் பணம்தான், ஆனால் அதை வைத்து இந்த மாத வாடகை கட்ட முடியாது.

அரசு வேலையில் கதை தலைகீழ். 19,500 வெறும் அடிப்படை ஊதியம். விலைவாசிக்கு ஏற்பத் தரும் அகவிலைப்படி 58% என்று வைத்தால் 11,310 சேர்ந்து 30,810. வீட்டு வாடகைப்படி தனி. ஓய்வூதியத்துக்கு 10% பிடித்தம் போனாலும் 27,700க்குக் குறையாது. ஆண்டுக்கு 3% ஊதிய உயர்வு உண்டு, அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் செலவு. வேளச்சேரியில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 13,000 என்று அவளே கணக்கு சொன்னாள். 37,000 அங்கேயே 24,000 ஆகிவிட்டது. அவள் முகம் மாறியது. ஆனால் அதோடு முடிவு கட்ட வேண்டாம் என்றேன். ஐ.டி.யில் நன்றாகக் கற்றுக்கொண்டு கம்பெனி மாறுபவர்களுக்குச் சம்பளம் தாவும். அரசில் படிப்படியாகத்தான் ஏறும். அதனால் பத்து ஆண்டு வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள்.

டாக்டர் வேலையோடு ஒப்பிடும்போது இது ரொம்ப முக்கியம். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு இன்னும் மூன்று. பி.இ. படித்தவர் நான்காம் ஆண்டு முடிந்ததுமே சம்பாதிக்கலாம். மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் இந்த இடைவெளி தெரியாது. 30 வயது, 40 வயது என இரண்டு இடத்தில் மொத்தத்தைக் கூட்டுங்கள், படிப்புக் கடனைக் கழித்துவிட்டு.

நர்ஸ் போன்ற ஷிஃப்ட் வேலைகளுக்கு மணிக்கணக்கும் போடுங்கள். வேலை நேரத்தோடு போய்வரும் நேரத்தையும் சேர்த்து, அதால் சம்பளத்தை வகுத்தால்தான் உழைப்பின் விலை சரியாகத் தெரியும்.

கடைசியாக, அதே வேலையில் ஏழெட்டு ஆண்டு இருப்பவரிடம் பேசுங்கள். "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் சி.டி.சி.யைச் சொல்வார். "போன மாதம் அக்கவுண்டில் எவ்வளவு ஏறியது? போன வருஷம் வேரியபிள் முழுசாகக் கொடுத்தார்களா?" என்று கேளுங்கள். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.