ஆனைமங்கலத்தின் எல்லையை நடந்து பார்க்க

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற சோழர் காலப் பௌத்த மடத்தைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். புதுவெளிக் கோபுரம் என்று ஊர் மக்கள் அழைத்த செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகளில் பல, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த விகாரத்துக்குச் சோறு போட்ட நிலம் ஆனைமங்கலம் என்ற ஊரில், இருந்த இடத்திலேயே கிடக்கிறது. நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நிலத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டை முதலில் படியுங்கள். மொத்தம் 21 ஏடுகள். அவற்றில் 16 தமிழ். எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு நூல்வரிசையின் 22ஆம் தொகுதியில் மூலம் அச்சாகியிருக்கிறது. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன் பெயரில் எழுந்த விகாரத்துக்கு, முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தில் 97 வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம் கொடுத்த செய்தி அதில் வருகிறது. வடமொழிப் பகுதியின் புகழுரையைப் பிறகு படிக்கலாம். நமக்கு வேண்டியது எல்லை சொல்லும் இடம். எல்லையைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, எந்த வாய்க்காலுக்கு எந்தத் திசை, எங்கே திரும்புவது, பக்கத்தில் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு மெய்சிலிர்க்கும். எங்கள் தொழிலைச் செய்தவர்கள் அல்லவா அவர்கள்!

ஒவ்வொரு திருப்பத்தையும் நோட்டில் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆனைமங்கலம், சுற்றியுள்ள ஊர்கள் ஆகியவற்றின் கிராம வரைபடங்களை வாங்கி ஒட்டி, வாய்க்கால்களுக்கு மட்டும் நீல வண்ணம் தீட்டுங்கள். வயலை நம்ப வேண்டாம். பாகப்பிரிவினையில் அது துண்டாகிக்கொண்டே போகும். வாய்க்கால் அப்படியல்ல. பாசன வாய்க்கால் மேட்டைப் பிடித்துப் போகும், வடிகால் பள்ளத்தைப் பிடித்துப் போகும். இடம் மாற்றினால் கீழே உள்ள வயல்கள் காய்ந்துவிடும் என்பதால் யாரும் எளிதில் கை வைப்பதில்லை.

வேலிக்கு 6.6 ஏக்கர் என்ற இன்றைய கணக்கில் 97ஐப் பெருக்கி ஒப்பிடாதீர்கள். சோழர் கால அளவுகோல் ஒரே நீளமுடையது அல்ல.

நடக்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடும் வழக்கம் உண்டு. சம்பா அறுவடையும் முடிந்திருக்கும். வயலில் உளுந்து நிற்கும், வரப்பிலேயே நடங்கள். வரைபடத்தில் புல எண்தான் இருக்கும். பெயர்கள் மடை திறந்து தண்ணீர் கட்டிய பெரியவர்களிடமும், நடவு நட்ட பெண்களிடமும் இருக்கின்றன. "ஐயா, இந்த வாய்க்காலை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். செப்பேட்டுப் பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஆமாம் போட்டுவிடுவார்கள். அந்தப் பதில் எதற்கும் உதவாது. ஒரே வாய்க்காலைப் பற்றித் தலைமடையில் ஒருவரிடமும் கடைமடையில் ஒருவரிடமும் கேட்டு, இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் வரைபடத்தில் எழுதுங்கள்.

பழஞ்செங்கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலையோ காசோ தென்பட்டால் தோண்டாமல் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ அன்றே தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அந்தத் தகவல் மாவட்ட ஆட்சியருக்குப் போய்ச் சேர வேண்டும்.