பெயிண்டுக்கு அடியில் பாருங்கள்

பின்னால் இடி வாங்கிய காரைப் பார்த்து, "வெறும் கீறல்தான், பெயிண்ட் அடித்தால் போதும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் பம்பர் அமுங்கினாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு திரும்பாது.

கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த என் காரை ஒரு வேன் இடித்தது. காப்புறுதி நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் பம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு பெயிண்ட் செலவை மட்டும் எழுதினார். நான் பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, உதிரி டயரை வெளியே எடுத்து, அந்தக் குழியைக் காட்டினேன். ஓரத்தில் இரும்பு மடிந்து சுருங்கியிருந்தது. பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. பெட்டி மூடியின் இடப்பக்க இடைவெளியில் என் விரல் நுழைந்தது, வலப்பக்கத்தில் நுழையவில்லை. பம்பரைக் கழற்றிப் பார்த்தால் உள்தண்டு வளைந்து கிடந்தது. அடுத்த இடியைத் தாங்கவேண்டியது அந்தத் தண்டுதான். பின்னிருக்கையில் உட்காருவது என் அம்மா.

மலேசியாவில் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். உங்களுடையது முழுக் காப்புறுதியாக இருந்து, தவறு எதிர்த்தரப்பினுடையது என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தால், உங்கள் நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். என்சிடி கழிவு, அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, குறையாது. இது தெரியாமல் பலர் சொந்தப் பணத்தில் மலிவாகப் பழுதுபார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது.

பணிமனையிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: பாகங்களைக் கழற்றிப் பார்த்து, மறைந்திருந்த சேதத்தைப் படத்தோடு கூடுதல் மதிப்பீடாக நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும், அதற்கு ஒப்புதல் வந்த பிறகே வேலை தொடங்கவேண்டும். மூடிவிட்ட பிறகு நிரூபிப்பது கடினம். வளைந்த தண்டைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தச் சம்மதிக்காதீர்கள். உறுதிமிக்க எஃகைச் சூடாக்கினால் அதன் வலுவே போய்விடும். காற்றுப்பை, இருக்கைவார் போன்றவற்றுக்கு ஹாஃப்கட் பாகம், அதாவது வெட்டிப் பிரித்த பழைய காரின் பாகம், வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் உள்ள கேமராவையும் மறுபடி அளவுதிருத்தச் சொல்லுங்கள்.

காருக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் புதிய பாகத்தின் விலையில் ஒரு பங்கைக் காப்புறுதி நிறுவனம் உங்களிடம் கேட்கலாம். 15 விழுக்காட்டில் தொடங்கும். பத்து வயதானால் 40. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள், 2025 முதல் இயங்கும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பில் முறையிடலாம். கட்டணம் இல்லை.

காரை எடுக்கும்போது பகலில் போங்கள். பணிமனையிலிருந்து ஒருவரை அருகில் உட்காரவைத்து, நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ஒப்புதல் தாளில் கையெழுத்திடாமல் காரைத் திரும்ப அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.