மலைநாட்டுல இருந்து விவசாய ஆலோசகர் வேலைக்குப் போறது எப்படி

ஏ எல் ரிசல்ட் வந்தா போதும், தம்பி தங்கச்சிங்க கேக்குறது ஒரே கேள்வி, அக்ரி படிச்சா வேலை இருக்கா அண்ணேன்னு. இருக்கு. ஆனா சர்ட்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு அரசாங்க வேலைக்கு ஆள் கேக்குற கெசட் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தா வயசுதான் போகும், அதனால நான் பாத்தத சொல்றேன்.

படிப்புன்னா, பயோ செஞ்சு இசட் ஸ்கோர் நல்லா வந்தா பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகம், கிளிநொச்சியில இருக்குற யாழ்ப்பாண விவசாய பீடம். தேயிலை பக்கமே போகணும்னா பதுளையில ஊவா வெல்லஸ்ஸ. கெம்பஸ் கிடைக்கலன்னு மனச விட்றாதீங்க, விவசாயக் கல்லூரிகள்ல டிப்ளோமா இருக்கு, குண்டசாலை நமக்கு கிட்ட, தமிழ்ல படிக்கணும்னா வவுனியா. விவசாயப் போதனாசிரியரா, அதாவது விவசாயிங்களுக்கு ஆலோசனை சொல்ற அரசாங்க உத்தியோகத்தரா இருக்குற நிறைய பேர் அந்த டிப்ளோமா செஞ்சு வந்தவங்கதான்.

வேலைக்கு போதனாசிரியர் பதவிய மட்டும் பாக்காதீங்க. தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சிறு தேயிலைத் தோட்ட அதிகார சபை இருக்கு, தோட்டக் கம்பெனிகள்ல பீல்ட் ஒபிசர், சின்ன தொரை (உதவி மேனேஜர்) வேலை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் மாதிரி சான்றிதழுக்கு தோட்டத்த தயார்படுத்துற வேலை, நுவரெலியா பக்கம் பொலி டனல்ல, அதான் பொலித்தீன் கூடாரத்துல, ஸ்ட்ரோபெரி, குடைமிளகா போடுறவங்க. உரம், மருந்து கம்பெனிங்கதான் சீக்கிரமா ஆள் எடுக்கும், ஆனா அங்க டார்கெட்டுக்காக தேவையில்லாத மருந்த விக்க சொன்னா செய்யாதீங்க, ஊர்ல ஒரு தடவ பேர் கெட்டா அப்புறம் யாரும் தோட்டத்துக்குள்ள கூப்பிட மாட்டாங்க.

2021 மே மாசம் இலங்கை அரசாங்கம் ரசாயன உரம் இறக்குமதிய நிப்பாட்டி நவம்பர்ல திரும்ப விட்டாங்களே, அதுக்குள்ள பட்ட அடி கொஞ்ச நஞ்சமில்ல. 2021ல கிட்டத்தட்ட 30 கோடி கிலோ இருந்த நாட்டோட தேயிலை உற்பத்தி 2022ல 25 கோடிக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம் உர விலையும் ஏறிப்போச்சு, இப்ப ஒரு மூடை போடுறதுக்கு முன்னாடியே எவ்வளவு போடணும்னு கேக்குறாங்க, அத மண்ண பாத்து சொல்ல தெரிஞ்ச ஆளுக்குத்தான் மதிப்பு.

எங்க மாமா நுவரெலியா பக்கம் கந்தப்பொலையில கோவா (முட்டைக்கோஸ்) போடுறவரு. ஒரு போகம் பகல்ல செடியெல்லாம் வாடி நிக்கும், பொழுது சாய்ஞ்சா நிமிரும். தண்ணி பத்தலைன்னு நானும் சொன்னேன், கடையில குடுத்த மருந்தையும் ரெண்டு தடவ அடிச்சோம், ஒண்ணும் நடக்கல. கடைசியில ஒரு செடிய பிடுங்குனா வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கி கெடக்கு, வேர்வீக்க நோய். புளிப்பு மண்ணுல அது நல்லா பரவும், மண்ணுல வருஷக்கணக்கா இருக்கும், சுண்ணாம்பு போட்டு பீஎச்ச (மண்ணோட புளிப்ப காட்டுற கணக்கு, குறைய குறைய புளிப்பு கூடும்) 7 கிட்ட கொண்டு வந்து, அந்த நிலத்துல கோவா, நோக்கோல், ராபு குடும்பத்தையே சில வருஷம் தள்ளி வைக்கணும். முதல் நாளே பிடுங்கி பாத்திருந்தா மருந்துக்காசாவது மிஞ்சியிருக்கும், எனக்கு இன்னும் மனசு கேக்கல.

ஆனா அதே சுண்ணாம்புக் கணக்க பக்கத்து தேயிலை மலையில சொன்னீங்கன்னா கொழுந்து போச்சு, தேயிலைக்கு பீஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் புளிப்பு மண்ணு வேணும். கவ்வாத்து நேரத்துல, அதாவது செடிய வெட்டி விடுற நேரத்துல, டொலமைட் (ஒரு வகை சுண்ணாம்புக்கல் தூள்) போடுறதா இருந்தாலும் மண்ண டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அளவு சொல்லணும்.

மண் எடுக்குறதும் ஒரு தொழில்தான். உரம் போடுறதுக்கு முன்னாடி எடுங்க, மேல கெடக்குற சருக ஒதுக்கிட்டு, மலைய வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்துப் பதினஞ்சு இடத்துல ஆறு இஞ்ச் ஆழத்துக்கு வெட்டி, சுத்தமான வாளியில கலந்து, அதுல அரைக் கிலோ மாதிரி எடுத்து நிழல்ல காய வச்சு அனுப்புங்க. மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒண்ணா கலக்காதீங்க.

சிங்களம் பேச மட்டுமில்ல, ரிப்போர்ட் எழுதுற அளவுக்கு பழகுங்க, நல்லா படிச்ச நம்ம புள்ளைங்க அதுல தான் பின்னுக்கு நிக்குது. ஏதாவது சந்தேகம்னா 1920க்கு அடிச்சு கேளுங்க, விவசாயத் திணைக்களத்தோட நம்பர்.

அப்புறம் ஒரு கொப்பி போடுங்க. யாரோட மலை, என்ன தேதி, என்ன நோய், நீங்க என்ன சொன்னீங்க, ரெண்டு மாசம் கழிச்சு என்ன ஆச்சு, தப்பா சொன்னதையும் சேர்த்து எழுதுங்க. இன்டர்வியூக்கு போறப்ப பைலோட அந்த கொப்பியையும் எடுத்துட்டு போங்க.