செண்டோல் ஓட்ஸ்: இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிட ஒரு செய்முறை

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் பச்சை மாவு இழைகளும் சேர்ந்த குளிர் இனிப்பான செண்டோலைக் காலை ஆறு மணிக்குச் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் கிளம்புகிறவர்களுக்கும், பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வந்துவிடப் பார்ப்பவர்களுக்கும் அடுப்படியில் நிற்க நேரம் ஏது? தினமும் ரொட்டி சானாய் சாப்பிட வயிறும் இடம் தராது, பையும் இடம் தராது. முதல் நாள் இரவே ஒரு போத்தலில் ஓட்ஸை ஊறவைத்துவிட்டால் காலையில் மூடியைத் திறப்பதுதான் வேலை.

ஆனால் வெறும் பாலும் வாழைப்பழமும் போட்ட ஓட்ஸ் மூன்றாம் நாளே சலித்துவிடும். நம் நாக்குக்குப் பழகிய இனிப்பின் சுவையை அதில் ஏற்றினால் அந்தச் சலிப்பு வராது. இதற்குப் பெரிய சமையல் ஞானம் தேவையில்லை. எதை இரவில் போடுவது, எதைக் காலையில் போடுவது என்று தெரிந்திருந்தால் போதும். இந்த ஓட்ஸ் சரியாக வரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் இரவிலேயே கொட்டி மூடியவர்கள்தாம்.

எந்த ஓட்ஸ்?

தட்டையாக, முழுச் செதில்களாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ். தொழிற்சாலையிலேயே ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கி விற்பதால் அடுப்பில் ஏற்றாமல் ஊறவைத்தாலே மென்மையாகிவிடும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மிகப் பொடியானது, காலையில் பசையாகத்தான் கிடைக்கும். தானியத்தை வெட்டித் துண்டாக்கிய ஸ்டீல் கட் வகை இரவு முழுவதும் ஊறினாலும் பல்லில் நறநறக்கும். இரண்டும் இதற்கு வேண்டாம்.

வெளியே வைக்காதீர்கள்

இரவில் ஊறி, காலையில் குளிர்ச்சியாகச் சாப்பிடுவது என்றதும் நமக்குப் பழைய சோறு நினைவுக்கு வரும். அந்த நினைப்பிலேயே போத்தலைச் சமையலறை மேடையில் விட்டுவிடக் கூடாது. பழைய சோறு தண்ணீரில் கிடந்து புளிக்க வேண்டிய பண்டம். இதில் இருப்பதோ பாலும் தேங்காய்ப்பாலும். பினாங்கின் இரவுப் புழுக்கத்தில் அவை விடியும்வரை தாங்காது. கலந்த கையோடு ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

செண்டோல் ஓட்ஸுக்குத் தேவையானவை (ஒருவருக்கு)

ரோல்டு ஓட்ஸ் அரை கப், பால் 130 மில்லி, கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி, சியா விதை இரண்டு தேக்கரண்டி, பண்டான் (ரம்பை) இலை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. காலைக்கு: குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு, வேகவைத்த ராஜ்மா இரண்டு கரண்டி, கிடைத்தால் பச்சைச் செண்டோல் இழைகள் ஒரு கைப்பிடி. மூடி இறுக்கமாக உள்ள, 350 மில்லிக்குக் குறையாத கண்ணாடிப் போத்தல் ஒன்று. பழைய ஊறுகாய்ப் போத்தல் என்றால் வாசனை போகக் கழுவிக்கொள்ளுங்கள். மாங்காய் ஊறுகாய் வாசனையோடு செண்டோல் சேராது.

முதலில் பாகு

இதை வார இறுதியில் ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளலாம். நூறு கிராம் குலா மலாக்காவைக் கத்தியால் சீவி, அறுபது மில்லி தண்ணீரும் ஒரு துண்டு பண்டான் இலையும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். கரைந்ததும் மூன்று நான்கு நிமிடம் கொதித்தால் போதும். அடுப்பில் இருக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், ஆறும்போது கெட்டிப்படும். அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஃபிரிட்ஜில் மிட்டாயாகிவிடும். தூசியும் நாரும் இருக்கும் என்பதால் வடிகட்டிச் சுத்தமான போத்தலில் ஊற்றுங்கள்.

வாங்கும்போது ஒரு சொல். குலா மலாக்கா தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. வெள்ளைச் சர்க்கரை கலந்ததும் அதே உருளை வடிவில் விற்பனைக்கு வருகிறது. பொட்டலத்தில் சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள். நல்லதில் லேசான புகை வாசனை இருக்கும்.

இரவு வேலை

பாலில் முடிச்சுப் போட்ட பண்டான் இலைகளை இட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்கி, மூடி வைத்து முழுவதும் ஆறவிடுங்கள். ஆற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூடான பாலை ஊற்றினால் ஓட்ஸ் பாதி வெந்து கூழாகிவிடும். அவசரமென்றால் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றலாம்.

போத்தலில் ஓட்ஸ், சியா விதை, உப்பு மூன்றையும் போட்டு முதலில் உலர்ந்த நிலையிலேயே குலுக்கிக் கலந்துகொள்ளுங்கள். பிறகு இலையை எடுத்துவிட்டுப் பாலையும், அடுத்துத் தேங்காய்ப்பாலையும் ஊற்றிக் கிளறுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அடிவரை கிளற வேண்டும். சியா விதை நனைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் முறை கிளறாவிட்டால் மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாக இருக்கும். மூடி, ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரமாவது வையுங்கள்.

பால் முழுவதற்கும் பதிலாகத் தேங்காய்ப்பாலையே ஊற்றினால் இன்னும் ருசியாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது. தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஃபிரிட்ஜின் குளிரில் அது வெள்ளை வெள்ளையாகக் கட்டி, நாக்கில் மெழுகாக ஒட்டும். பாலோடு கலந்து சிறிதளவு சேர்த்தால் மணமும் இருக்கும், கட்டியும் தெரியாது. உப்பையும் விட்டுவிடாதீர்கள், தேங்காய்ப்பால் இனிப்புக்கு அதுதான் உயிர். பலர் இந்த ஓட்ஸில் தயிர் சேர்ப்பார்கள். மாம்பழத்துக்கு அது பொருந்தும். பண்டானும் தேங்காயும் இருக்கும் இடத்தில் அந்தப் புளிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

காலை வேலை

மூடியைத் திறந்ததும் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால் இரண்டு கரண்டி பால் விட்டு இளக்குங்கள். ராஜ்மாவைப் போடுங்கள். மேலே செண்டோல் இழைகள். கடைசியில் பாகு ஒரு மேசைக்கரண்டி, போத்தலின் ஓரமாக. கண்ணாடியை ஒட்டிப் பழுப்புக் கோடாக இறங்கி, பாதி வழியில் ஓட்ஸுக்குள் புகுந்துவிடும். முழுவதும் கலக்க வேண்டியதில்லை. ஒரு வாய் இனிப்பாகவும் அடுத்த வாய் உப்புக் கலந்த தேங்காய்ச் சுவையாகவும் வருவதுதான் செண்டோலின் அழகு. பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் வரிசையில் நின்று, சுவரோரம் கிண்ணத்தை ஏந்திச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும்.

செண்டோல் இழைகளை ஏன் இரவிலேயே போடக் கூடாது? அவை மாவால் ஆனவை. குளிரில் கிடந்தால் மாவுச்சத்து இறுகி, இழைகள் விறைத்து உடையும். சந்தையில் புதிதாக வாங்கியதைக் காலையில் போட்டால்தான் வழுக்கும். கிடைக்காவிட்டால் கவலையில்லை, சியா விதையே அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவிடும்.

ராஜ்மாவுக்கு டின்னில் வருவதே எளிது, அலசிவிட்டுப் போடுங்கள். உலர்ந்த பயறு வாங்கினால் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள நச்சுப்பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஓட்ஸோடு பச்சையாகப் போட்டு ஊறவைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பாகைப் பற்றி ஒரு வார்த்தை: குலா மலாக்காவும் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நீரிழிவு உள்ள வீட்டுப் பெரியவர்களுக்குத் தாராளமாக ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

அதே முறையில் பாயசம்

அரை கப் ஓட்ஸை ஒரு தேக்கரண்டி நெய்யில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள், சேமியாவுக்குச் செய்வதைப் போல. இரவில் 160 மில்லி பால், சியா, ஏலக்காய்த் தூள், உலர்ந்த திராட்சை. திராட்சை ஊறி உருண்டையாகும், அதனால் தனியாக இனிப்பு அதிகம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் தாராளம். நெய்யில் வறுத்த முந்திரி மட்டும் காலையில். இரவிலேயே போட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.

டுரியான் காலத்தில் பாலிக் பூலாவ் ஊர்ப் பழத்தின் சதையை இரண்டு கரண்டி மசித்து, இதே பால் கலவையில் ஏலக்காயும் திராட்சையும் இல்லாமல் சேர்க்கலாம், அருமையாக இருக்கும். ஃபிரிட்ஜைப் பிறரோடு பகிர்ந்துகொள்பவர்கள் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் சேர்ந்ததை இரண்டு நாளுக்குள்ளும் பாயச வகையை மூன்று நாளுக்குள்ளும் சாப்பிட்டுவிடுங்கள். வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் பாகைச் சிறு டப்பாவில் தனியாகக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் சாப்பிட முடியாவிட்டால் வேலையிடம் சேர்ந்ததும் போத்தலை அங்குள்ள ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பையிலேயே கிடந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.