வாய் திறக்காத கிளாம்ப்: வீட்டுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கேற்றுக்குச் சட்டம் பொருத்தும்போது துண்டுகளை அசையாமல் இறுக்கிப் பிடிக்க நாலு கிளாம்பாவது வேண்டும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் நாலையும் வாங்கப் போனால் கேற்றுக்கு வைத்திருந்த காசில் பாதி போய்விடும். மூலையில் பழைய இரும்பு கிடக்கிறது, வெல்டிங் மெசினும் இருக்கிறது, நாமே செய்துவிடலாம் என்று நினைப்பது நியாயம்தான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். நானும் அங்கேதான் விட்டேன்.

நான் முதலில் செய்த ஜி கிளாம்பை (‘ப’ வடிவ உடலில் ஒரு திருகு வைத்தது), லேத் வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “வெல்டிங் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பட்டையைப் படுக்கையாய் வைச்செல்லோ வளைச்சிருக்கிறீர். இது வாய் திறக்கும்” என்றார். ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து இறுக்கிக் காட்டினார். திருகைத் தளர்த்திய பிறகு பார்த்தால், கட்டை முழுதாகப் படிய வேண்டிய கீழ்த்தாடை விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. இடைவெளிக்குள் என் நகம் போனது.

கிளாம்பை இறுக்கும்போது அதன் உடல் விரியப் பார்க்கிறது. அந்த விரிவைத் தாங்குவது பட்டையின் கனம் அல்ல, விரியும் திசையில் அதற்கு இருக்கும் அகலம். 40க்கு 10 மில்லிமீற்றர் பட்டையைப் படுக்கையாக வளைத்தால் அந்தத் திசையில் 10தான் இருக்கும். அதே பட்டையை மூன்று துண்டாக வெட்டி, விளிம்பு உள்ளே பார்க்கும்படி ‘ப’ வடிவில் ஒட்டினால் 40 இருக்கும். இரும்பு அதேதான். வலிமை 4 மடங்கு, வளையாமல் நிற்கும் விறைப்பு 16 மடங்கு. சூடாக்கி வளைப்பது சுலபம் என்பதற்காக மட்டும் இதைக் கைவிடாதீர்கள்.

சரி, எவ்வளவு விசை வரும்? 12 மில்லிமீற்றர் போல்ட்டைத் திருகாக வைத்து, அதில் 15 சென்டிமீற்றர் தள்ளிக் கைப்பிடியை 13 கிலோ அளவில் இழுத்தால், உராய்வில் போவது போக வாயில் ஏறக்குறைய 850 கிலோ அழுத்தம் விழும். கை உணர்வதைப் போலப் பல மடங்கு இது. வாயின் ஆழம் 75 மில்லிமீற்றர் என்றால், நிமிர்த்தி ஒட்டிய 40க்கு 10 பட்டைக்கே இது அதிகம். சாதாரண மென்னிரும்பு வளைந்தபடியே நின்றுவிடும் எல்லையைத் தாண்டிவிடும். 50க்கு 12 பட்டையில் செய்தால் அந்த எல்லைக்குள் வசதியாக நிற்கும். வாயை ஆழமாக்க ஆசைப்படுபவர்கள் பட்டையையும் அகலமாக்கவேண்டும்.

கைப்பிடிக்கு 8 மில்லிமீற்றர் மென்னிரும்புக் கம்பி போதும். மேலே சொன்ன அளவை நெருங்கும்போது கம்பி வளையத் தொடங்கும், கிளாம்ப் தப்பிவிடும். தடித்த கம்பி போடுவதும், கைப்பிடியில் பைப் செருகி இறுக்குவதும் இந்தக் காவலைக் கெடுக்கும் வேலைகள்.

மூலை வெல்டிங்கில் நடக்கும் பிழை கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப் விரியும்போது இழுபடுவது உள்மூலைதான். அந்த இடத்தைத்தான் பலர் அழகுக்காகக் கிரைண்டரால் வழித்துவிடுகிறார்கள். ஒட்டும் விளிம்புகளை முதலில் சரிவாகத் தேய்த்து, உள்ளே வரை உருகி இறங்கும்படி ஒட்டுங்கள். உள்மூலையைத் தேய்க்காமல் விடுங்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எதையும் எறியாமல் வைத்துப் பழகிய ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் லொறியின் வில்லுத்தகட்டைக் கிளாம்பின் உடலாக ஒட்ட வேண்டாம். அதில் கரிமம் பொதுவாக அரைச் சதவீதத்துக்கு மேல் இருக்கும். முன்சூடு கொடுக்காமல் ஒட்டினால் வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு கடினமாகி, இறுக்கும்போது சட்டென்று வெடித்துவிடும். காரைத் தூக்கும் பழைய கத்திரி ஜக்கின் திருகுக் கம்பி கிடைத்தால் விடாதீர்கள். அதன் புரி தடித்தது, சீக்கிரம் தேயாது. நட்டையும் அதே ஜக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டையே திருகாக வைப்பவர்கள் சாதாரண நட்டை நம்பக்கூடாது. 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான நட்டின் உயரம் 11 மில்லிமீற்றர்கூட இல்லை, கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். இரண்டு கம்பிகளை இணைக்கும் நீள நட் 36 மில்லிமீற்றர் இருக்கும், அதை ஒட்டுங்கள். வெள்ளையாகப் பளபளக்கும் நட் என்றால் அதில் நாகம் (துத்தநாகம்) பூசியிருக்கும். ஒட்டும் இடத்தில் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் வைத்து ஒட்டுங்கள். அந்தப் புகையை மூச்சில் எடுத்தால் சில மணிநேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்ப வேண்டாம். ஒட்டும்போது பழைய போல்ட் ஒன்றை உள்ளே விட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் சின்னச் சின்னதாக ஒட்டினால் நட் கோணாது. ஆறிய பிறகு, உள்புரி வெட்டும் டாப்பை விட்டுப் புரியைச் சுத்தம் செய்யுங்கள்.

திருகின் முனை நேரே பொருளில் பட்டால், இறுக்க இறுக்கப் பொருளும் சேர்ந்து திரும்பும். முனையில் சுழலும் ஒரு சின்னத் தட்டு வேண்டும். சைக்கிளின் பின் அச்சுக் குண்டு பெரும்பாலும் கால் அங்குலம். திருகின் முனையிலும் தட்டின் நடுவிலும் அதற்குக் குழி போட்டு, கிறீஸ் வைத்து, தட்டு கழன்று விழாமல் ஒரு வளையம் வைத்தால் வழுக்கிக்கொண்டு சுழலும்.

நீளக் கம்பியில் ஒரு தாடை நகரும் எஃப் கிளாம்பில், அந்த நகரும் கைதான் சாய்ந்து கம்பியைப் பிடிக்கிறது. வாய் 100 மில்லிமீற்றர் ஆழம் என்றால், கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் பகுதியின் உயரத்தை 25க்குள் வையுங்கள். உயரம் கூடினால் வழுக்கும். அந்தக் கம்பிக்குப் பெயின்ற் வேண்டாம். உப்புக் காற்றுக்குத் துரு பிடிக்கும் என்றால் எண்ணெய்த் துணியால் துடைத்து, வேலை தொடங்க முன் உலரத் துடைத்துவிடுங்கள்.

செய்து முடித்ததும் நேரே வேலைக்கு எடுக்காதீர்கள். வாயின் இடைவெளியை அளந்து குறித்து வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓர் இரும்புக் கட்டையில் முழு பலத்துக்கு இறுக்கி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தளர்த்தி அளந்தால் அரை மில்லிமீற்றர்கூடத் திறந்திருக்கக்கூடாது. திறந்திருந்தால் முதுகின் வெளிப்பக்கம் நீளவாக்கில் இன்னொரு பட்டையை நிமிர்த்தி ஒட்டிவிட்டு, மறுபடி இறுக்கிப் பாருங்கள்.