பழைய இலங்கையின் ஆண்டுச் சனத்தொகை வளர்ச்சி: 1901–1911 கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

குடியேற்றக் காலத்து இலங்கையின் குடிசன மதிப்பு அறிக்கைகளைப் புதிதாகப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பத்து வருட அதிகரிப்பைப் பத்தால் வகுத்து, அதுதான் ஆண்டு வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அதே எண்ணைப் பிறப்பு, இறப்பு வீதங்களோடு ஒப்பிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று குழம்புகிறார்கள். கால்குலேட்டர் ஒன்று இருந்தால் போதும், இரண்டு சிக்கலையும் அவிழ்த்துவிடலாம்.

படி 1: எந்த மொத்தம் என்று பாருங்கள்

1901 மார்ச் 1 அன்று எடுத்த கணக்கில் இலங்கையின் சனத்தொகை 3,565,954. அந்தக் கணக்கெடுப்பை மேற்பார்வை செய்தவர் பொன்னம்பலம் அருணாசலம். 1911 மார்ச் 10 அன்று எடுத்த கணக்கில் 4,106,350.

ஆனால் 1901க்கு 3,578,333 என்ற இன்னொரு மொத்தமும் நூல்களில் காணப்படும். இரண்டுமே சரிதான். பெரிய எண்ணில் படையினர், கப்பல்களில் இருந்தவர்கள், போர்க் கைதிகள் ஆகியோரும் அடங்குவர். தென்னாபிரிக்கப் போரில் பிரிட்டனிடம் பிடிபட்ட சுமார் 5,000 போயர்கள் (டச்சு வழிவந்த தென்னாபிரிக்கக் குடியேறிகள்) அப்போது தியத்தலாவை முகாமில் இருந்தார்கள். போர் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களை இலங்கையின் வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில் பொருளில்லை. ஒரு பக்கம் இவர்களைச் சேர்த்த எண்ணையும் மறுபக்கம் சேர்க்காத எண்ணையும் வைத்தால், அதிகரிப்பில் 12,379 பேர் சத்தமில்லாமல் குறைந்துவிடுவார்கள். இரு வருடங்களுக்கும் ஒரே வகை மொத்தத்தையே எடுங்கள். இங்கே சிறிய எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: வளர்ச்சி வீதம்

அதிகரிப்பு: 4,106,350 − 3,565,954 = 540,396. இது 1901 தொகையில் 15.15 சதவீதம். பத்தால் வகுத்தால் 1.52 வருகிறது. சரி, அதைச் சோதித்துப் பாருங்கள்: 1901 தொகையை ஒவ்வொரு வருடமும் 1.52 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், 1911இல் உண்மைத் தொகையைவிட ஏறத்தாழ 40,000 பேர் அதிகமாக வரும். வட்டிக்கு வட்டி சேர்வதுபோல, கூடிய மக்கள்மீதும் அடுத்த வருட வளர்ச்சி ஏறுவதுதான் காரணம்.

ஆகவே கூட்டு வீதம் வேண்டும். எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் இப்படித் தட்டுங்கள்:

=(4106350/3565954)^(1/10)-1

விடை 0.0142, அதாவது ஆண்டுக்கு 1.42 சதவீதம். இரண்டு கணக்கெடுப்புக்கும் இடையில் பத்து வருடமும் ஒன்பது நாளும் இருக்கின்றன. அந்த ஒன்பது நாளை விட்டுவிடலாம், விடை அசையாது.

படி 3: நடு ஆண்டுத் தொகை

பிறப்பு வீதத்துக்கும் இறப்பு வீதத்துக்கும் அடியில் வகுக்க வேண்டியது அந்தந்த வருடத்தின் நடுப்பகுதித் தொகை. 1906 ஜூன் 30 என்றால், 1901 மார்ச்சிலிருந்து 5 வருடம் 4 மாதம்.

=3565954*1.0142^(5+4/12)

சுமார் 38.44 லட்சம் கிடைக்கும். வருடாவருடம் ஒரே எண்ணிக்கையில் கூடியதாக வைத்தால் 38.54 லட்சம். இந்த வித்தியாசத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிறப்பு வீதத்தில் அது தசமத்துக்குப் பின்னால்தான் தெரியும். 1901 தொகையையே 1910 வரை அடியில் வைத்து வகுப்பதுதான் கெடுதல். அப்படிச் செய்தால் பிறப்பும் இறப்பும் வருடாவருடம் ஏறுவதுபோலத் தோன்றும்.

படி 4: வீதங்கள்

பயிற்சிக்காக ஒரு கற்பனை மாவட்டம்: நடு ஆண்டுத் தொகை 1,20,000, அந்த வருடப் பிறப்புகள் 4,560, இறப்புகள் 3,360.

பிறப்பு வீதம் 4,560 ÷ 1,20,000 × 1,000 = 38. இறப்பு வீதம் இதே வழியில் 28. வித்தியாசம் ஆயிரத்துக்கு 10. இதுதான் இயற்கை அதிகரிப்பு, சதவீதத்தில் 1. ஆயிரத்துக்கான எண்ணையும் நூற்றுக்கான எண்ணையும் அருகருகே வைத்து ஏமாறாதீர்கள்.

சிசு மரண வீதத்துக்கு மட்டும் அடி எண் மாறும். ஒரு வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகளை அந்த வருடப் பிறப்புகளால் வகுக்க வேண்டும். 912 சிசுக்கள் இறந்திருந்தால் 912 ÷ 4,560 × 1,000 = 200. ஐந்தில் ஒரு குழந்தை.

படி 5: மிச்சம் எங்கே போனது?

இலங்கைக் கணக்கு சுவாரசியமாவது இங்கேதான். அந்த மாவட்டத்தில் ஒரு வருடத்தில் 2,000 பேர் கூடினார்கள் என்று வையுங்கள். பிறப்பில் இறப்பைக் கழித்தால் 1,200தான். மிச்சம் 800 பேர் வெளியிலிருந்து வந்தவர்கள், அதாவது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த நிகரத் தொகை.

1901–1911இல் இந்த மிச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 1905க்குப் பிறகு ரப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி மலைநாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்களில் பலர் ஊருக்குப் போய்த் திரும்பவும் வந்தார்கள். ஒரே ஆள் ஒரே வருடத்தில் இரண்டு தடவை வந்திறங்கியவராகப் பதிவாகலாம். ஆகவே வருகைப் பட்டியலை மட்டும் கூட்டிவிட்டு இத்தனை பேர் குடியேறினார்கள் என்று எழுதக்கூடாது. புறப்பாட்டையும் கழிக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கம். பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கி 1897இல் கட்டாயமானது என்றாலும் எல்லாமே ஏட்டில் ஏறிவிடவில்லை. பிறந்த சில நாளில் இறந்த குழந்தை இரண்டு ஏட்டிலுமே இல்லாமல் போகலாம். நம் மாவட்டத்தில் 150 பிறப்புகளும் 50 இறப்புகளும் பதிவாகாமல் போயிருந்தால், இயற்கை அதிகரிப்பு 1,300 ஆகும், குடிவரவு 700க்கு இறங்கும். பதிவில் விழுந்த ஓட்டையெல்லாம் மிச்சத்தில் வந்து ஒளிந்துகொள்ளும் என்பதால், மிச்சத்தை நான் எப்போதும் தோராயமாகவே எழுதுவேன்.

நீங்களே செய்து பார்க்க

1921 மார்ச் 18 கணக்கெடுப்பில் தொகை 4,498,605. படி 2ஐத் திரும்பப் போட்டால் 1911–1921க்கு 0.92 சதவீதம் வர வேண்டும். 1.42 எங்கே, 0.92 எங்கே! இடையில் முதலாம் உலகப் போரும், 1918இல் தொடங்கிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயும் வந்துபோயின. பத்து வருடச் சராசரி அந்தப் பள்ளத்தைச் சமன்படுத்திக் காட்டும். எந்த வருடத்தில் விழுந்தது என்று பார்க்க, படி 3, 4ஐ 1917 முதல் 1920 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.